தோர்தோஞ் ஆற்றங்கரையில் நான் பார்க்காத இடங்கள்

பிரான்சு நாட்டில் தோர்தோஞ் என்று ஓர் ஆறு இருக்கிறது. அதன் கரையில் பார்க்க வேண்டிய இடங்கள் என்னென்ன என்று என்னைக் கேளுங்கள். நாயுடுபுரத்தில் டாக்ஸி டிரைவர்கள் கொடைக்கானலின் பன்னிரண்டு பாயிண்டையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்களே, அந்த மாதிரி ஒப்பிப்பேன். மேலிருந்து கீழே, ஆறு போகிற போக்கிலேயே. எந்த ஊரில் காலையில் நிற்க வேண்டும், எந்த ஊரில் வெயில் சாயும்போது நிற்க வேண்டும், எங்கே கூட்டம் அள்ளும், எல்லாம் தெரியும். போனதுதான் கிடையாது.

நான் வில்பட்டிக்காரி. எங்களுக்குப் பூண்டும் கேரட்டும் பீன்ஸும்தான் பிழைப்பு. பிளஸ் டூ முடித்ததும் காலை பஸ் பிடித்து டவுனுக்கு வேலைக்குப் போன பெண்களில் நானும் ஒருத்தி. கல்யாணம் கூடிவரவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, பார்க்கிறவர்களுக்குத்தான் வருத்தம். அட்டுவம்பட்டியில் ஒரு பிரெஞ்சு மேடம் வீட்டில் பதினொரு வருஷம் வேலை பார்த்தேன். சமையல், தோட்டம், வீட்டுச் சாவி, மேடத்தின் பிரஷர் மாத்திரை, எல்லாம் என் பொறுப்பு. பாடம் சொல்லிக்கொடுக்க இங்கே வந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பாமல் வாடகை வீட்டில் தங்கிவிட்டவர் அவர். தமிழ் பேசுவார். மார்க்கெட்டில் கற்ற தமிழ் என்பதால் போலீஸ்காரரைக்கூட 'வா, உக்காரு' என்பார்.

அடுப்படிச் சுவரில், மிக்ஸிக்கு மேலே, அந்த ஆற்றின் வரைபடம் ஒட்டியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கேறி ஓரமெல்லாம் பழுப்பாகிப் போன படம். நாலு மணிக்கு நான் டீ போடுவேன். அந்நேரத்துக்கு வெளியே மூட்டம் இறங்கித் தோட்டத்து வேலிகூடத் தெரியாது. மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படத்தில் விரலை வைப்பார். ஒரு நாளைக்கு ஓர் ஊர். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பேன். பிறகு ஒரு நோட்டு வாங்கி எழுதவே ஆரம்பித்துவிட்டேன்.

முதல் ஊர் அர்ஜாந்தா. ஆற்றங்கரையை ஒட்டிக் கல் பாவிய படித்துறை, அதற்கு மேல் மர பால்கனி வைத்த வீடுகள். அந்தக் காலத்தில் அங்கிருந்து தட்டைப் படகுகளில் மரம் ஏற்றிக் கீழே அனுப்புவார்களாம். போய்ச் சேர்ந்ததும் படகையே உடைத்து விறகாக விற்றுவிட்டு, படகுக்காரன் நடந்தே ஊர் திரும்புவானாம். "அப்ப படகு திரும்பி வராதா மேடம்?" என்று கேட்டேன். "வராது மா. ஆறு வேகம், மேல ஏத்த முடியாது" என்றார். அன்றைக்கு எனக்கு அந்தப் படகுக்காரன் மேல்தான் பரிதாபம் வந்தது.

அடுத்தது பொலியு. தண்ணீரில் கால் வைக்கிற தூரத்தில் ஒரு சின்னத் தேவாலயம், சுற்றி ஸ்ட்ராபெரித் தோட்டங்கள். அப்புறம் ஆற்றைவிட்டுக் கொஞ்சம் விலகிப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குள் போனால் ரொக்கமதூர். ஒரு மலைச் சுவரில் ஊரையே ஒட்டவைத்தது போல இருக்கும். மேலே கோயிலில் கன்னங்கரேல் என்று ஒரு சின்ன மாதா. அவளைப் பார்க்க இருநூற்றுப் பதினாறு படி ஏற வேண்டும். அந்தக் காலத்தில் நேர்ந்துகொண்டவர்கள் முட்டிபோட்டே ஏறுவார்களாம். எனக்கு அந்த நோட்டிலேயே ரொம்பப் பிடித்த பக்கம் அதுதான். படியேறிச் சாமி பார்க்கிற கூட்டம் எங்கே இருந்தாலும் அது பழனிக்காரர்களுக்குச் சொந்தக்காரக் கூட்டம்தான்.

அதற்குக் கீழே லா ரோக் கஜாக். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறு பக்கம் ஆறு, நடுவில் ஒரே வரிசையில் மஞ்சள் கல் வீடுகள். சாயங்கால வெயிலில் பார்க்க வேண்டிய ஊர். பாறை வெயிலை வாங்கி வைத்துக்கொள்வதால் அங்கே வாழை மரம்கூட நிற்கிறதாம். "வாழை பாக்க பிரான்சு போகணுமா மேடம், தாண்டிக்குடி பஸ்ஸ புடிச்சா போதாதா?" என்று கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்திலேயே பேனாக் கோட்டை, எதிர்க்கரையில் இன்னொரு கோட்டை. இரண்டும் நூறு வருஷம் முறைத்துக்கொண்டு நின்றனவாம். வில்பட்டியில் வாய்க்கால் தகராறில் இரண்டு குடும்பம் அதற்கு மேலேயே முறைத்துக்கொண்டிருக்கிறது, அதைப் பார்க்க யாரும் டிக்கெட் எடுத்து வருவதில்லை.

கடைசி ஊர் லிமோய். இரண்டு ஆறுகள் சேருகிற இடம். கரையில் கூழாங்கல். மேடத்தின் தங்கை வீடு அங்கேதான் இருந்தது. படத்தில் விரல் அந்த இடத்துக்கு வந்ததும் மேடம் குரல் இறங்கிவிடும். "நாம ரெண்டு பேரும் ஒரு அக்டோபர் போவோம் மா. வால்நட் எல்லாம் விழுந்து கிடக்கும். இந்தக் கல்லுல உக்காந்து தண்ணியில கால் வைப்போம்" என்பார். பதினொரு வருஷத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை.

முதல் சில வருஷம் நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய இடத்துப் பேச்சு, வரும் போகும். அப்புறம் ஆசை வந்துவிட்டது. ஆசை வந்துவிட்டால் நான் லேசில் விடுகிற ஆள் இல்லை. "எப்ப மேடம், எப்ப மேடம்?" என்று நச்சரிக்க ஆரம்பித்தேன். ஒரு நாள், "முதல்ல நீ பாஸ்போர்ட் எடு மா, அப்புறம் பாக்கலாம்" என்றார். வில்பட்டிக்காரிக்குப் பாஸ்போர்ட் எங்கே வந்து கிழிக்கப் போகிறது என்று நினைத்திருப்பார். இன்றைக்குப் புரிகிறது.

பாஸ்போர்ட் கைக்கு வந்தால் முழு மொட்டை போடுகிறேன் என்று பழனி முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். மதுரைக்குப் போய்ப் பத்து விரலையும் கண்ணாடியில் அழுத்திவிட்டு, போட்டோவுக்கு உட்கார்ந்துவிட்டு வந்தேன். விசாரிக்கப் போலீஸ்காரர் வில்பட்டிக்கு வந்தபோது, மகள் என்ன குற்றம் செய்தாளோ என்று அம்மா நடுங்கிப்போய் நின்றாள். ஒரே மாதத்தில் தபாலில் பாஸ்போர்ட் வந்தது. அன்றைக்கு ஊரில் நான் சொல்லாத ஆள் இல்லை. பூண்டு உரிக்கிற இடத்தில், பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், எங்கே பார்த்தாலும் லிமோய் புராணம்தான்.

வேண்டுதலைத் திரும்பி வந்து செய்துகொள்ளலாம் என்றுதான் நான் நினைத்தேன். என் தம்பியும் "வெளிநாட்டுக்கு மொட்டத்தலையோடயா போவே? பூமுடி குடுத்தாப் போதும்க்கா" என்றான். மூன்று கொத்து முடியை மட்டும் கத்தரித்துக் கொடுக்கிற வழக்கம் அது. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"முழு மொட்டைன்னு வாய் தொறந்து சொன்னியா இல்லியா? சாமி சோலிய முடிக்காம கடலத் தாண்டக் கூடாதுடி. வெள்ளனே கெளம்பு, நானும் வாரேன்."

போனோம். இடுப்பு வரைக்கும் கிடந்த முடி. கண்ணை மூடித் திறப்பதற்குள் மடியில் விழுந்து கிடந்தது. அம்மா தலை முழுக்கச் சந்தனம் பூசிவிட்டு, "இப்ப எந்தக் கடல வேணாலும் தாண்டு" என்றாள். மலையேறும்போது அம்மா எனக்கு முன்னால் போனாள். என்னைவிட அவளுக்குத்தான் அவசரம்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். கதவைத் திறந்த மேடம் வாயில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, என்ன மா செஞ்சே!" பாஸ்போர்ட்டை விரித்துப் போட்டோவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தப் பொண்ணு வேற, நீ வேற. விசா ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா தெரியல" என்றார். "முடி வளந்துரும் மேடம்" என்றேன். "சரி, குடு, அனுப்பிப் பாக்கறேன்" என்று வாங்கி அலமாரியில் வைத்தார்.

மூன்று வாரம் கழித்துச் சாப்பாட்டு மேஜையில் பாஸ்போர்ட் இருந்தது. "குடுக்கல மா. போட்டோ பொருந்தலயாம்" என்றார். நான் அழுதேன். என்னைக் கட்டிப்பிடித்து மொட்டைத்தலையைத் தடவிக்கொடுத்தார். அவர் தோளில் சாய்ந்து அவருக்கே ஆறுதல் சொன்னேன்: "விடுங்க மேடம், என் தலையெழுத்து." இதை எழுதும்போது எனக்கே என்னை அறைய வேண்டும் போல இருக்கிறது.

நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாயுடுபுரத்தில் சாக்கடை ஓரம் கிடந்த குட்டி அது. பால் ஊற்றி வளர்த்தது நான். என் பாஸ்போர்ட்டுக்கும் முன்னாடி, மழைக்காலத்திலேயே, மேடம் அதற்குக் காகிதம் தயார் செய்ய ஆரம்பித்துவிட்டார். "நாம போகும்போது இதையும் கூட்டிட்டுப் போகணும்ல" என்றார். கழுத்தில் சிப் வைத்தது, ஊசி போட்டது, ரத்தம் எடுத்தது, எல்லாவற்றுக்கும் தூக்கிக்கொண்டு போனது நான்தான். அது துள்ளாமல் இருக்க நான்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த ரத்தம் எங்கோ வெளிநாட்டுக்குப் போய்ப் பரிசோதனையாகி, சுத்தமான நாய் என்று முத்திரையோடு வந்தது.

அக்டோபரில் மேடமும் நாயும் கிளம்பினார்கள். நாய் ஒரு கூண்டில், கம்பளி விரித்துக்கொண்டு. "மூணு மாசத்துல வந்துடுவேன், வீட்டைப் பாத்துக்கோ மா" என்று சாவியைக் கொடுத்தார். பார்த்துக்கொண்டேன். தூசி தட்டி, ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டு, கம்பளியை வெயிலில் போட்டு எடுத்து, இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டேன். அப்புறம், இனித் திரும்பி வரப்போவதில்லை, சாமானை விற்றுவிடு என்று மேடத்திடமிருந்து செய்தி வந்தது. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கினால் பாதி ஆறாவது போகலாம். நான் கரையிலேயே நின்றுவிட்டேன். வீட்டுக்காரர் வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கினார். சமையலுக்கு என்னையே வைத்துக்கொண்டார். இப்போது பிரெஞ்சுக்காரர்கள் வந்து தங்கினால் நான்தான் அவர்கள் ஊர் ஆற்றைப் பற்றி அவர்களுக்கே சொல்கிறேன். "நீங்க எப்போ போனீங்க?" என்று கேட்பார்கள். தோசை கருகுகிறது என்று உள்ளே போய்விடுவேன்.

ஆனால் இந்தக் கதையில் மேடத்தைவிட எனக்கு முக்கியமானது அம்மா.

விசா இல்லை என்று சொன்ன அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவைக் கிழித்தேன். "ஒம் பேச்சக் கேட்டுத்தான் மொட்டையானேன். பூமுடி குடுத்திருந்தா இந்நேரம் டிக்கெட்டு வந்திருக்கும். கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டாம அடிச்சுட்டியே" என்றேன். அம்மா அடுப்பில் இருந்த சோற்றை இறக்கி வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள். முருகனிடமும் சண்டை போட்டேன். உனக்கு முடி கொடுத்தால் நீ என் வழியை அடைப்பாயா, இனி உன் படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மிதிக்கவும் இல்லை.

அடுத்த தைப்பூசத்துக்கு அம்மா ஊர்க்கூட்டத்தோடு மலையிறங்கி நடந்தே பழனிக்குப் போனாள். எதற்கு என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். தலையில் முண்டாசு மாதிரி துண்டு. அவிழ்த்தால் மொட்டை, காய்ந்த சந்தனம்.

"நீ எதுக்கு மொட்ட போட்ட?"

"அடுத்த தடவயாச்சும் ஒனக்குக் கெடைக்கட்டும்னு கேட்டுக்கிட்டேன்த்தா. என்னாலதான கெட்டுச்சு."

"ஒன்னய யாரு போடச் சொன்னா? குடுத்தது பத்தலையா அவருக்கு?" என்று கத்திவிட்டு அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தேன். அந்தக் குளிரில் நரைமுடியும் இல்லாமல், காதை மூடித் துண்டைக் கட்டிக்கொண்டு அம்மா பூண்டுக் காட்டுக்குப் போய்வந்தாள்.

இரண்டு வருஷத்தில் அம்மாவுக்கு மூச்சிரைப்பு முற்றிவிட்டது. படுக்கையில் இருக்கும்போதுகூட, "என்னாலதான நீ போகல?" என்று இரண்டு தடவை கேட்டாள். இல்லம்மா என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் சொல்லவில்லை. போர்வையை இழுத்துவிட்டேன். ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த முடி அம்மாவுக்குக் கொண்டை போடுகிற அளவுக்குக்கூட வளரவில்லை. அம்மா இறந்த செய்தியை மேடத்துக்கு அனுப்பினேன். ஒரு பூப்படமும் இரண்டு வரியும் வாட்ஸப்பில் வந்தன.

போன மாதம் தம்பி மகள் வந்தாள். நர்ஸ் படித்தவள், ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது. விசா கிடைத்ததைச் சொல்ல அல்வாவோடு வந்தாள். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அவளும் ஒரு கைப்பிடி எடுத்து உரித்தபடி பேசினாள்.

"சென்னைக்குப் போயி கைரேகை வச்சுட்டு வந்தேன் அத்தை. செம கூட்டம். ஒங்களுக்கு எங்க எடுத்தாக?"

"மதுரையில."

"அது பாஸ்போர்ட்டுக்கு. விசாவுக்கு எங்க வச்சீக?"

"விசாவுக்கு நான் எங்கயும் போகலியே. மேடம்தான அனுப்புனாக."

அவள் உரிப்பதை நிறுத்திவிட்டாள். "அதெப்படி அத்தை? நாமளே போயி ரேகை வச்சாத்தான் எடுத்துக்குவாக. மொத தடவைக்கு வேற ஆளு போயிக் குடுக்கவே முடியாது. நீங்க போகலன்னா அப்ளிகேஷனே போகல. போகாததை எப்படி வேணாம்பாக?"

அவள் சொன்னதையே மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன். அல்வாவைப் பிரிக்கவே இல்லை. உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். வெள்ளைத்தாள். ஒரு கோடு, ஒரு முத்திரை இல்லை. மூன்று வாரமும் அது அந்த அலமாரியில் துணிக்கு அடியில் கிடந்திருக்கிறது. நான் அந்த அலமாரியைத் தினமும் துடைத்திருக்கிறேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். ஏழு வருஷமாக நான் சாமியைத் திட்டிக்கொண்டு பூசாரிக்கு ரோஜாப்பூ போட்டோ அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு மேடமே வீடியோவில் கூப்பிட்டார். வருஷத்துக்கு இரண்டு தடவை கூப்பிடுவார். கறுத்த மேல்சட்டை, நன்றாகத்தான் இருந்தார். "பாரு மா, எங்க இருக்கேன்னு சொல்லு" என்று போனைத் திருப்பினார். சொல்லவா வேண்டும்? கூழாங்கல் கரை, இரண்டு ஆறு சேருகிற இடம், இரண்டு பாலம். நோட்டில் எழுதியபடியே இருந்தது. எங்கள் நாய், முகமெல்லாம் நரைத்து, தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு நின்றது.

"மேடம், விசாவுக்கு நான் கைரேகை வைக்கவே இல்லையே" என்றேன்.

படம் அசையாமல் நின்றது. சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன். சிக்னல் இருந்தது.

"மா..." என்றார். "நீ வந்துட்டா வீட்டை யார் பாக்கறது? தங்கச்சி வீடும் சின்னது. அங்க நீ என்ன செய்வே? உனக்கு வருத்தம் வேணாம்னுதான் முடியைச் சொன்னேன். முடி திரும்ப வளரும்ல. சின்னக் காரணமா இருக்கட்டும்னு."

கேட்க நான் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். பதினொரு வருஷம், படம், நோட்டு, நாய், தோளில் சாய்ந்து அழுதது. வாயில் ஒன்றுதான் வந்தது.

"அதுக்காக எங்கம்மா மொட்ட போட்டாங்க மேடம்."

மேடத்துக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது என்ற நிம்மதிதான் முகத்தில் தெரிந்தது. "ஓ, உன் அம்மா!" என்று சிரித்தார். "அம்மா நல்லா இருக்காளா?"

"நல்லாருக்காங்க மேடம்" என்றேன். "முடியெல்லாம் வளந்துருச்சு."